முத்தத்துல உள்ள பைப்பு சொட்டிக்கிட்டே கெடக்கு, வாஷர் மாத்துனா போதுமா இல்ல முழுசா மாத்தணுமா?

லீவுல_வந்தவன்
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு வீடு குமரி ஜில்லால மேக்காமண்டபம் பக்கம். மஸ்கட்ல இருந்து 28 நாள் லீவுல வந்தேன், அதுல 9 நாளு கல்யாண வீடு மரிச்ச வீடுன்னே போயாச்சு. விஷயம் என்னன்னா வீட்டுக்கு வெளிய முத்தத்துல அலக்குகல்லுக்கு மேல ஒரு அரை இஞ்ச் பித்தளை பைப்பு, அதாவது டேப்பு உண்டு, அப்பா இருக்கும்போ வச்சது, ஒரு 14 வருஷம் இருக்கும். அது எப்பிடி முறுக்குனாலும் நிக்க மாட்டேங்குது, சொட்டிக்கிட்டே கெடக்கு. அம்மைட்ட கேட்டா "அது ரெண்டு வருஷமா அப்பிடித்தாண்டே, வாழைக்கு போவுதுல்லா"ங்குதா. நேத்து ராத்திரி ஒறக்கம் வரலன்னு ஒரு லிட்டர் பாட்டில அடியில வச்சு நேரம் பாத்தேன், 40 நிமிஷத்துல நெறஞ்சுட்டு. அப்பம் ஒரு நாளைக்கு 36 லிட்டர். மாடில உள்ளது 500 லிட்டர் டேங்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு டேங்கு வெள்ளம் சும்மா வாழ மூட்டுக்கு போவுது, அதுக்கு மோட்டர் கரண்டு வேற. இதுக்கு வாஷர் மட்டும் மாத்துனா போதுமா இல்ல பைப்பையே மாத்தணுமா? பைப்பு வேலைக்காரர கூப்ட்டா "நாளைக்கு வாறேன்"ங்காரு, அந்த நாளைக்கு எந்த நாளைக்குன்னு தெரியல.

சவத்த_எடு
தலைப்ப மட்டும் பாத்துட்டு முத்தம் குடுக்கதுக்கு பைப்பு எதுக்குன்னு ஒரு நிமிஷம் கொழம்பிட்டேன். அடுத்த மட்டம் முற்றம்னு முழுசா போடும் ஓய், வெளியூர்க்காரன் எவனாவது படிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பான்.

கருங்கல்_டீச்சர்
தம்பி, வாஷர்தான். 10ல 9 கேஸ் வாஷர்தான். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்த காலத்துல பைப்புக்கும் பல்புக்கும் நானே ஆளு, அதனால சொல்லுதேன். தலைப்பாகத்த ஸ்பேனர் போட்டு களத்துனா உள்ள ஸ்பிண்டில்னு ஒரு தண்டு வரும், அதுக்கு அடியில ஜம்பர்னு ஒரு சின்ன பித்தளை குடை மாதிரி இருக்கும், அந்த குடைல உள்ள ரப்பர்தான் வாஷர். அது தேஞ்சு நடுவுல மோதிரம் பதிஞ்ச மாதிரி குழி விழுந்திருக்கும். புதுசு 5 ரூவா, கடை பூட்டியிருந்தா பழைய ரப்பர் செருப்புல வட்டமா வெட்டி ஓட்ட போட்டு மாட்டுங்க, ஆறு மாசம் நிக்கும். ரப்பர் வெளையுற ஜில்லால இருந்துக்கிட்டு ஒரு வாஷருக்கு ஆள தேடலாமா 😀

ஒண்ணு மட்டும், மேல வால்வ பூட்டாம தலைய களத்திராதீங்க. நான் மொத மட்டம் அப்பிடி களத்தி, ஸ்பிண்டில் எகிறி கெணத்தடில போயி விழுந்து, ஒரு கையால ஓட்டைய பொத்திக்கிட்டு மறு கையால மவன கூப்புட்டுக்கிட்டு நின்னேன், அவன் காதுல பாட்டு மாட்டிக்கிட்டு உள்ள இருக்கான். அந்த அரை மணிக்கூறு நேரத்த மறக்க முடியாது.

கடைப்பையன்_திங்கள்சந்தை
அண்ணே நான் ஹார்ட்வேர் கடைல நிக்கேன், யாவாரத்துக்காக சொல்லல. 14 வருஷம் ஆன பைப்புக்கு வாஷர் போட்டு மெனக்கெடுறதுக்கு புதுசு மாட்டிருங்க. பிளாஸ்டிக் 120 ரூவால இருந்து உண்டு, பித்தளை நல்ல கனத்துல வேணும்னா 400, 500 வரும். பித்தளை வாங்கும்போ உடம்புல ஐ.எஸ். 781ன்னு இருக்கான்னு பாத்துக்கிடுங்க, ஸ்குரூ டைப் பித்தளை பைப்புக்கு உள்ள நம்பர் அது. அதுவும் இல்லாம கைல தூக்கிப் பாருங்க, காலி டப்பா மாதிரி லேசா இருந்தா வேண்டாம். பளபளன்னு இருக்கது எல்லாம் பித்தளை இல்ல, உள்ள வேற கலவைய வச்சு மேல முலாம் பூசுனதும் வருது.

குளச்சல்_கடக்கரை
கடைத்தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. எங்க வீட்டுல இருந்து கடலு கூப்பிடு தூரம். முலாம் போட்ட பைப்பு ஒரு ஆனி ஆடிக் காத்து தாங்காது, பொரிபொரியா எந்திச்சு மேல்தோல் உரிஞ்சு வந்துரும். ஜி.ஐ. பைப்பு, அதான் நாகம் பூசுன இரும்பு பைப்பு, அத பத்தி கேக்கவே வேண்டாம், திரெட்டு (மரை) உள்ள எடத்துலதான் மொதல்ல தின்னும், ஒரு நாளு டேப்ப புடிச்சா டேப்பு கையோட வரும். பித்தளையும் சாவாதுன்னு நெனைக்காதீங்க. அதுல உள்ள துத்தநாகம் மெல்ல மெல்ல கரைஞ்சு போனா மஞ்ச நெறம் போயி செம்பு மாதிரி செவப்பா தெரியும், பொறவு பிஸ்கட் மாதிரி பொடியும். களத்தும்போ திரெட்டு செவந்திருந்தா வாஷர் போட்டு பிரயோசனம் இல்ல, தூக்கி கடாசுங்க.

ரப்பர்_வெட்டு_4மணி
நாங்க குலசேகரம் பக்கம், கெணத்து வெள்ளம். இங்க வெளிய பிளாஸ்டிக்தான் வச்சிருக்கோம், 6 வருஷமா ஒரு கொழப்பமும் இல்ல. பித்தளைய வெளிய வச்சா ராத்திரியோட ராத்திரியா களத்திட்டு போயி ஆக்கர் கடைல, அதான் பழைய சாமான் எடுக்குற கடைல, போட்டுருவானுவ. எங்க தெருவுல ரெண்டு வீட்டுல நடந்துருக்கு, காலைல எந்திச்சு பாத்தா டேங்கு காலி, முத்தம் பூரா சகதி. களவு போன பைப்போட வெலைய விட அந்த ஒரு டேங்கு வெள்ளத்துக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

குளச்சல்_கடக்கரை
உங்களுக்கு ரப்பர் மரத்து நெழலு இருக்கு அண்ணே. வெயிலு நேரா விழுற சுவத்துல பிளாஸ்டிக் வச்சா ரெண்டு மூணு வருஷத்துல கைப்பிடி வெளுத்து சடக்குன்னு ஒடையும்.

வடசேரி_ரெண்டாம்மாடி
கால் சுத்து டேப்பு வாங்குங்க பாஸ், உள்ள ரெண்டு செராமிக் தட்டு இருக்கும், வாஷரே கிடையாது, லேசா திருப்புனா நின்னுரும். எதுக்கு இன்னும் அந்தக்கால டேப்பு? முக்கடல் அணைத் தண்ணி வர்ற நாளுல ஒரு சொட்டு வீணாப் போனாலும் எனக்கு மனசு கேக்காது.

ரப்பர்_வெட்டு_4மணி
மாநகராட்சி தண்ணிக்கு அது சரிப்படும் தம்பி. எங்க கெணத்துல கோடைல அடி தட்டும்போ மோட்டரு பொடி மணலையும் சேத்து அள்ளும். ஒரு மணல் துண்டு அந்த செராமிக் தட்டுக்கு நடுவுல சிக்குனா கோடு விழுந்துரும், பொறவு அந்த கார்ட்ரிஜ் மொத்தமும் மாத்தணும், அது எல்லா கடைலயும் கிடைக்காது. ரப்பர் வாஷர்னா மணலு அதுல அமுங்கிக் கெடக்கும், அம்புட்டுதான்.

பைப்பு_ஆசான்
நான் 27 வருஷமா இந்த வேலைதான் செய்யுதேன், மார்த்தாண்டம் தக்கலை ரெண்டு பக்கமும். எல்லாரும் மருந்து சொல்லுதீங்க, நோவு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. தம்பி, சொட்டுது சொட்டுதுன்னா எங்கேருந்து சொட்டுது? மூக்கு நுனில இருந்து சொட்டுனா வாஷரு இல்லன்னா சீட்டு, அதாவது வாஷரு போயி உக்காருற எடம். தொறந்து வச்சிருக்கும்போ கைப்பிடி கழுத்துல ஒழுகுனா கிளாண்டு, தண்ட சுத்தி உள்ள அடைப்பு, அதுக்கு நட்ட கால் சுத்து முறுக்குனா போதும், இல்லாட்டி நூல்ல வாசலின் தேச்சு சுத்தி வைக்கணும். சுவத்துல ஏறுற எடத்துல கசிஞ்சா அது டேப்போட குத்தமே இல்ல, உள்ள உள்ள எல்போ, அதான் வளைவு மூட்டு. மூணுக்கும் வெலையும் வேற வேலையும் வேற.

பாக்க ஒரு வழி சொல்லித்தாறேன். பைப்ப நல்லா தொடச்சு ஈரம் இல்லாம ஆக்கு. மூக்குல ஒரு கவர கெட்டி சொட்டுறது அதுக்குள்ள விழுற மாதிரி வை. பொறவு முகத்துக்கு போடுற பவுடர கழுத்துலயும் சுவரு ஓரத்துலயும் லேசா தூவி விட்டுட்டு ஒரு சாயா குடிச்சுட்டு வந்து பாரு. எந்த எடத்துல பவுடரு கோடு போட்டு நனைஞ்சிருக்கோ அதாக்கும் எடம்.

லீவுல_வந்தவன்
ஆசானே செஞ்சு பாத்தாச்சு. கழுத்துல பவுடரு அப்பிடியே இருக்கு, சுவரு ஓரமும் காஞ்சுதான் இருக்கு, மூக்குல மட்டும்தான். (அம்மைக்க பவுடர எடுத்ததுக்கு ஏச்சு வாங்குனது தனி.) ஆனா வேற ஒரு பெரச்சன. வெளி பைப்புக்குன்னு தனி வால்வு இல்ல, மாடில டேங்குக்கு கீழ ஒரே ஒரு பித்தளை கேட் வால்வுதான் மொத்த வீட்டுக்கும், அது அசைய மாட்டேங்குது. ஸ்பேனர வச்சு ஒரு அமுக்கு அமுக்கவா?

பைப்பு_ஆசான்
அமுக்காத அமுக்காத. 14 வருஷம் திருப்பாத கேட் வால்வு உள்ள உப்பு புடிச்சு நிக்கும், நீ பலம் குடுத்தா ஸ்பிண்டில் முறியும், பொறவு உனக்கு அரை இஞ்ச் வேலை ஒரு இஞ்ச் வேலையா மாறும். தண்டுல கொஞ்சம் எண்ணெய விட்டு ராத்திரி முழுக்க கெடக்கட்டு, காலைல கைப்பிடிய பூட்டுற பக்கம் ஒரு நூலளவு, தொறக்குற பக்கம் ஒரு நூலளவு, இப்பிடி ஆட்டி ஆட்டி எடு. வந்தா வந்துது. வராட்டி விட்டுரு, டேங்குல வெள்ளம் கொறையுற மட்டும் மோட்டர் போடாத.

சவத்த_எடு
எங்க மாமா ஒருத்தர் டேங்குக்குள்ள எறங்கி ஓட்டைல கதம்பைய, அதான் தேங்கா மட்டைய, திணிச்சு அடச்சாரு. வேல முடிஞ்சு எடுக்கப் போனா கதம்பை பாதிதான் வந்துது. மீதி நாரு ஒரு வருஷமா ஒவ்வொரு ஷவர்லயா வந்துக்கிட்டு இருந்துது.

பைப்பு_ஆசான்
ஓட்டைய அடைக்கணும்னா ஒரு கம்பு நுனில பழைய பனியன் துணிய உருண்டையா கெட்டி உள்ள சொருவணும், கம்பு வெளிய நிக்கணும், கம்ப உருவுனா துணியும் கூட வரணும். கதம்பை, வாழத்தண்டு, சாக்கு ஒண்ணும் வேண்டாம்.

லீவுல_வந்தவன்
வால்வு முழுசா பூட்டல, முக்காவாசி வந்து நின்னுட்டு. ஆசான் சொன்ன பனியன் உருண்டைதான். என் பழைய பள்ளிக்கூடத்து பனியன்.

தலைய களத்தியாச்சு. மொதல்ல நல்லா இறுகி நின்னுது, ஸ்பேனர்ல ஏறி தொங்குற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன், கிர்ருன்னு ஒரு சத்தம், வந்துட்டு. ஸ்பிண்டில் பூரா பச்ச பச்சயா களிம்பு. டீச்சர் சொன்ன அதே குடை, ரப்பர் கறுத்து கல்லு மாதிரி ஆயிட்டு, நகத்தால கீறுனா பொடியா வருது, நடுவுல வட்டமா ஒரு பள்ளம், ஒரு பக்கம் கொஞ்சம் பிய்ஞ்சும் போச்சு. உள்ள விரல விட்டு சீட்ட தடவி பாத்தேன், ஒரு எடத்துல மயிரிழை மாதிரி ஒரு வெட்டு தட்டுப்படுது. அழகியமண்டபத்துல போயி 3 வாஷர் வாங்குனேன், 15 ரூவா. மாட்டி முறுக்குனேன். நின்னுட்டு!!! ஒரு விரலால பூட்டுனா நிக்குது. எல்லாருக்கும் நன்றி, டீச்சருக்கு தனியா ஒரு நன்றி. 15 ரூவால முடிஞ்சுட்டு வேல.

கருங்கல்_டீச்சர்
சொன்னேம்லா. செருப்பு தப்பிச்சுது.

கடைப்பையன்_திங்கள்சந்தை
சீட்டுல வெட்டு இருந்தா அந்த வாஷர் ரொம்ப நாளு தாங்காதுண்ணே, திரும்ப தேயும். சரி, இப்பம் நிக்குதுல்லா, சந்தோசம். யாவாரம் போச்சு.

லீவுல_வந்தவன்
மூணு நாளு கழிச்சு வாறேன். மக்களே ஒரு சந்தேகம். பைப்பு சொட்டல. ஆனா சுவரு நனைஞ்சிருக்கு. பைப்புக்கு கீழ ஒரு மொழம் அளவு பெயிண்டு குமிழி மாதிரி எந்திச்சு நிக்குது, அமுக்குனா பொதபொதன்னு இருக்கு. ரெண்டு நாளா சாரல் அடிக்குது, அதனால மழை ஈரமா இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா நேத்து ராத்திரி டேங்குல கரித்துண்டால ஒரு கோடு போட்டு வச்சேன், வீட்டுல ஒரு பைப்பும் தொறக்கல, காலைல பாத்தா நாலு விரக்கட கொறஞ்சிருக்கு. முன்னால சொட்டுனத விட இது கூடுதல்லா? வாஷர் மாத்துனதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வடசேரி_ரெண்டாம்மாடி
ஒரு பக்கம் அடைச்சதும் பிரஷர் கூடி வேற பக்கம் ஒடைச்சிருக்குமோ?

பைப்பு_ஆசான்
அப்பிடி ஒண்ணும் இல்ல. டேங்கு ஒரு 18, 20 அடி ஒசரத்துல இருக்கும். 10 மீட்டர் ஒசரம் இருந்தாதான் ஒரு பார் பிரஷர், இது அதுல பாதிக்கு கொஞ்சம் கூட. சொட்டுனாலும் சொட்டாட்டியும் உள்ள பிரஷர் அதேதான்.

தம்பி ரெண்டு கேள்விக்கு உண்மைய சொல்லணும். ஒண்ணு, அன்னைக்கு தலைய களத்தும்போ பைப்பு உடம்ப வேற ஸ்பேனர் போட்டு புடிச்சியா, இல்ல ஒத்த ஸ்பேனர்தானா? ரெண்டு, உங்க வீட்டுல அந்த பைப்புல வாளி தொங்கவிடுற வழக்கம் உண்டா?

லீவுல_வந்தவன்
ஒத்த ஸ்பேனர்தான் ஆசானே. "ஏறி தொங்குற மாதிரி இழுத்தேன்"னு நானே எழுதியிருக்கேன், இப்பம் படிச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

வாளி... ஆமா. பெயிண்டு வாளி, பெருசு, கைப்பிடிய பைப்பு மூக்குல மாட்டித்தான் அம்மை வெள்ளம் புடிப்பா. நெறஞ்ச பொறவும் அப்பிடியே தொங்கும், துணி அலக்கி முடியுற வர. அதுபோக ஓஸ்ஸ மாட்டி கெழக்க வாழைக்கு இழுத்துட்டு போவா, நீளம் பத்தாட்டி சரக்குன்னு ஒரு இழுப்பு. உங்களுக்கு எப்பிடி தெரிஞ்சுது?

பைப்பு_ஆசான்
27 வருஷமா எல்லா வீட்டுலயும் அந்த வாளிய பாத்துருக்கேன் மக்கா. சுவத்துக்குள்ள வெள்ள பிளாஸ்டிக் எல்போ இருக்கும், அதோட வாயும் பிளாஸ்டிக் திரெட்டுதான். அதுல பித்தளை பைப்ப டெப்லான் நாடா சுத்தி முறுக்கி ஏத்துறது ஒரு மாதிரி ஆப்பு அடிக்கிறதுதான், டெப்லான் கூடக்கூட வாய் விரியும். அதுல வாளிய தொங்கவிட்டா பைப்பு நெம்புகோல் மாதிரி கீழ இழுக்கும், பதினஞ்சு கிலோ ஒரு சாண் தள்ளி தொங்குனா எவ்வளவு இழுவைன்னு யோசிச்சுப் பாரு. வருஷக்கணக்கா இழுத்து இழுத்து எல்போ வாயில மயிரிழை வெடிப்பு ஏற்கனவே இருந்திருக்கும், ஆனா கசியல. நீ ஒத்த ஸ்பேனர்ல திருப்புன பாரு, அந்த கிர்ர், அப்பம் மொத்த பைப்பும் எல்போக்குள்ள ஒரு நூலு திரும்பி வெடிப்பு வாய தொறந்துட்டு. தலைய களத்தும்போ உடம்ப பைப்பு ரென்ச் வச்சு எதிர்ப்பக்கமா புடிச்சுக்கிடணும், இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன், தப்பு என் பேர்லயும் உண்டு.

உறுதி பண்ணணும்னா பைப்ப மொத்தமா களத்திட்டு அந்த எடத்துல அரை இஞ்ச் டம்மி போட்டு அடச்சு ஒரு நாள் விடு. அப்பவும் டேங்கு கொறஞ்சா சுவர ஒடச்சே ஆவணும்.

குளச்சல்_கடக்கரை
ஒடைக்காம, ரெண்டு உருண்டைய பிசைஞ்சு ஒட்டுவோமே, அந்த எபாக்சி பசைய திரெட்ட சுத்தி அப்பி விட்டா?

கருங்கல்_டீச்சர்
நான் அப்பியிருக்கேன். நாலு மாசம் நின்னுது, பொறவு அது கல்லு மாதிரி இறுகி, களத்தவும் முடியாம மாத்தவும் முடியாம, கொத்தனாருக்கு இரட்டிப்பு கூலி. வெடிப்பு இருக்கது உள்ள, நாம அப்புறது வெளிய, எப்பிடி நிக்கும்.

லீவுல_வந்தவன்
டம்மி போட்டு பாத்தாச்சு, கொறையுது. ஒடைக்கப் போறேன். பைப்பு வேலைக்காரரு மூணாவது நாளா நாளைக்கு வாறேன்னு சொல்லியாச்சு, இனி என் நாளைக்கு எல்லாம் தீந்துரும். அடுத்த வீட்டு கொத்தனார் மாமாட்ட உளியும் சுத்தியலும் கேட்டிருக்கேன். ஆசானே என்னென்ன வாங்கணும்?

பைப்பு_ஆசான்
அரை இஞ்ச் பிராஸ் திரெட் எல்போ ஒண்ணு, அதாவது வெளிய பிளாஸ்டிக்கு, வாய்க்குள்ள பித்தளை திரெட்டு பதிச்சிருக்கும். கப்ளர் ஒண்ணு, ஒரு மொழம் பைப்பு, ஆக்சா பிளேடு, டெப்லான் ரெண்டு ரோலு. பசை வாங்கும்போ பாத்து வாங்கு, வெள்ள பைப்புக்கு உள்ள பசை வேற, கிரீம் கலர் பைப்புக்கு உள்ளது வேற. கூடவே ஒரு பால் வால்வும் வாங்கு. சுவர ஒடைக்கத்தான் போற, அந்த லைனுக்குன்னு தனியா மேல ஒண்ணு வச்சுரு, அடுத்த மட்டம் பனியன் தேட வேண்டாம்.

உளிய எல்போக்கு நேரா வைக்காத. ஒரு சாண் மேல இருந்து பூச்ச மட்டும் கொத்தி எறங்கு, சாய்வா. பைப்பு கண்ணுல பட்டதும் சுத்தியல மெதுவாக்கு.

லீவுல_வந்தவன்
முடிஞ்சுது. கொஞ்சம் நீளமா எழுதுதேன், நாளைக்கு என்ன மாதிரி ஒருத்தன் தேடி வருவான்.

காலைல 7 மணிக்கு தொடங்குனேன். பூச்சு ஒரு இஞ்ச் கனம், நனைஞ்ச எடம் புட்டு மாதிரி உதிந்துது, காஞ்ச எடம் கைய பதம் பாத்துட்டு. எல்போவ வெளிய எடுத்து கழுவி வெளிச்சத்துல புடிச்சேன். வாயோட கீழ்ப்பக்கம், வாளி தொங்குற தெச, ஒரு வெடிப்பு. வெளிய பாத்தா பேனா கோடு மாதிரி தெரியுது, வெரலால விரிச்சா வாய் தொறக்குது. உள்ள பழைய டெப்லான் ஒரு உருண்டையா திணிச்சு கெடக்கு, பைப்பு வச்ச ஆளு ஒரு ரோலு முழுக்க சுத்தியிருப்பாரு போல. அம்மைய கூப்ட்டு காட்டுனேன். பாத்துட்டு "இத்துனூண்டு வெடிப்புக்கா இம்புட்டு பெரிய ஓட்டைய போட்ட"ன்னு கேட்டுட்டு மரச்சீனிய வேவ வைக்க போயிட்டா.

பிளாஸ்டிக் பைப்ப நேரா வெட்டி, பிசுறு எல்லாம் கத்தியால சீவி, துணியால ஈரம் போக தொடச்சு, பசை தேச்சு, சொருவி, ஒரு கால் சுத்து திருப்பி ஒரு நிமிஷம் அமுக்கி புடிச்சேன். எல்போ வாய் சுவத்து பூச்சுக்கு சமமா நிக்குதான்னு பாக்க ஒரு அடிக்குச்சி வச்சு அளந்தேன், மொத மட்டம் உள்ள தள்ளிட்டு, நல்ல வேளைக்கு பசை இறுகதுக்கு முன்ன இழுத்தேன், இல்லாட்டி இன்னொரு எல்போவுக்கு ஓடியிருக்கணும். பொறவு மறுநாள் காலை வர வெள்ளம் விடல. அம்மை கெணத்துல கோரி அலக்குனா, முணுமுணுத்துக்கிட்டே.

மறுநாள் பூசுறதுக்கு முன்னால வெள்ளம் விட்டு மூணு மணிக்கூறு பாத்தேன், காஞ்ச நியூஸ்பேப்பர அடியில விரிச்சு. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு பொறவுதான் சிமெண்டு பூச்சு.

பைப்பு புதுசுதான் போட்டேன். கடைத்தம்பி ஜெயிச்சுட்ட. பழசுல சீட்டு வெட்டு இருந்துது, களத்தி பாத்தா திரெட்டு ஒரு பக்கம் குளச்சல் அண்ணன் சொன்ன மாதிரி செவப்பா இருந்துது. பித்தளை, ஐ.எஸ். 781, வாஷர் வச்ச பழைய மாடலு, 460 ரூவா. எல்லாம் சேத்து 900க்கு கொஞ்சம் கூட ஆச்சு. 15 ரூவால முடிஞ்சுட்டுன்னு துள்ளுனவன் நான்.

புதுவீடு_வில்லுக்குறி
நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம், டெப்லான் எந்தப் பக்கம் சுத்தணும், எத்தன சுத்து? நான் சுத்துனா மாட்டும்போ உருண்டு வெளிய வருது.

பைப்பு_ஆசான்
பைப்பு வாய் உன் மூஞ்சிய பாத்து இருக்கட்டு, கடியாரம் ஓடுற தெசயில சுத்து. மாட்டும்போ அதே தெசதான், அப்பம் உருளாது. மெல்லிசா இருந்தா 10, 12 சுத்து, இழுத்து புடிச்சு திரெட்டுல பதியுற மாதிரி. மொத திரெட்ட விட்டுட்டு ரெண்டாவதுல தொடங்கு. கையால முறுக்கி அதுக்கு மேல ஸ்பேனர்ல ஒண்ணு ஒண்ணர சுத்து. மூக்கு நேரா வரலன்னு பொறத்தால திருப்பாத, திருப்புனா கசியும், களத்தி புதுசா சுத்து. இதுல சோம்பல் பட்டவன் வீட்டுக்கு எல்லாம் நான் ரெண்டாவது மட்டம் போயி கூலி வாங்கியிருக்கேன்.

ரப்பர்_வெட்டு_4மணி
வாளிக்கு என்ன பண்ணுனீங்க? பைப்பு மாத்துனா ஆச்சா, வாளி மாறணும்லா.

லீவுல_வந்தவன்
சுவத்துல பைப்புக்கு பக்கத்துல ஒரு இரும்பு கொக்கி அடிச்சு குடுத்திருக்கேன், வாளிய அதுல மாட்டுன்னு அம்மைட்ட மூணு மட்டம் சொல்லியாச்சு. பழைய பெயிண்டு வாளியையும் தோட்டத்துக்கு சாணி அள்ள கொண்டு போட்டேன்.

பைப்பு_ஆசான்
பழைய பைப்ப கடாசாத. தலையும் ஸ்பிண்டிலும் கைப்பிடியும் நல்லாத்தானே இருக்கு, எடுத்து வை. எப்பமாவது ஸ்பேருக்கு ஆவும், அந்த கனத்துல இப்பம் வாறது இல்ல.

லீவுல_வந்தவன்
ஆசானே, இத படிச்சதும் தேடிப் பாத்தேன், காணல. அம்மைட்ட கேட்டேன். காலைல ஆக்கர்காரன் வந்தானாம். பித்தளை பைப்பையும் ரெண்டு ஒடஞ்ச குடத்தையும் குடுத்து மேல 20 ரூவா போட்டு புது வாளி ஒண்ணு வாங்கியிருக்கா, பச்ச கலரு, பழசுக்கும் பெருசு. எங்கம்மான்னு கேட்டதுக்கு முத்தத்த காட்டுனா. புது பைப்பு மூக்குல தொங்குது. கொக்கில கதளிக்கொல ஒண்ண கெட்டி வச்சிருக்கா.

சவத்த_எடு
வெளங்கிரும்.